வீடு உங்களுடையது, எழுத்தும் உங்களிடம் இருக்கட்டும்

நல்லூர்க் கந்தனுக்குக் கொடி ஏறிவிட்டால் 25 நாட்களும் எங்கள் ஒழுங்கைகளில் அறை தேடுவோர் அலைவர். திருவிழா முடிந்தாலும் திருநெல்வேலிப் பல்கலைக்கழக மாணவரும் இடம் மாறி வரும் உத்தியோகத்தரும் வாடகை வீடு கேட்டு வருவர். கணவரை இழந்த, அல்லது அவரைத் தேடிக்கொண்டே வாழும் எத்தனையோ சகோதரிகளுக்குச் சீதன வீட்டின் ஓர் அறை வாடகைதான் மாதச் சீவியம். அதை எப்படிப் பாதுகாப்பாக விடுவது?

எனக்குத் தெரிந்த ஒரு தாய் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பிள்ளைகளுடன் வன்னிக்குப் போனார். 2002 இல் பாதை திறந்ததும் திரும்பி வந்தபோது வீட்டில் இன்னொரு குடும்பம் இருந்தது. அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தானே என்று இரங்கி, சிறு வாடகைக்கு இருக்கவிட்டார். வாய்ப்பேச்சுத்தான். சில ஆண்டுகளில் வாடகை நின்றது. “இவ்வளவு காலம் இருக்கிறோம், எங்களுக்கும் உரித்து உண்டு” என்றார்கள்.

அவரைக் காப்பாற்றியவை இரண்டு. இடப்பெயர்வு முழுவதும் பையில் வைத்துக் காத்த காணி உறுதி ஒன்று. வாடகை தந்தவர் மாதாமாதம் கையெழுத்திட்ட ஒரு கொப்பி மற்றது. பத்து ஆண்டுகள் உரிமையாளரை ஏற்காமல் தடையின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோர எங்கள் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வாடகை செலுத்துபவர், வீடு மற்றவருடையது என்று ஏற்றுக்கொண்டவர். கொப்பியை நொத்தாரிசு காட்டியதும் பேச்சு மாறியது. ஆறு மாதத் தவணையில் வீடு கைக்கு வந்தது.

ஆகவே, சகோதரிகளே, இவற்றைக் கவனியுங்கள்.

• காணிப் பதிவகத்தில் உங்கள் உறுதி பதியப்பட்டுள்ளதா என்று பாருங்கள். உறுதி தொலைந்திருந்தால் அங்கே பிரதி கேட்கலாம்.

• ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, 1840 ஆம் ஆண்டின் சட்டப்படி நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். மாத வாடகைக்கு அது கட்டாயமில்லை. என்றாலும் வாடகை, முற்பணம், வெளியேற முன் எத்தனை நாள் அறிவித்தல், கறண்ட் பில் யார் கட்டுவது என்பவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

• வாடகை வாங்கும் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுக் கொடுத்து, அடிக்கட்டையில் அவரது கையெழுத்தை வாங்குங்கள். உறவினர் என்றாலும் தவறவிட வேண்டாம்.

• குடிவரும் அன்றே மீற்றர் அளவு, கிணற்று மோட்டார், கதவு, சன்னல்களின் நிலை எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

• வாடகை வராவிட்டால் பூட்டை மாற்றுவது, கறண்டை வெட்டுவது வேண்டாம். அது உங்களையே குற்றவாளியாக்கும். முதலில் எழுத்தில் அறிவியுங்கள். பிறகு மத்தியஸ்த சபையை நாடலாம். வெளியேற்றும் கட்டளை நீதிமன்றத்திலிருந்துதான் வரவேண்டும்.

கணவர் காணாமற்போன சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணி, வீட்டைக்கூட விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நீண்ட குத்தகைக்கும் இது பொருந்துமா என்று நொத்தாரிசிடம் முன்கூட்டியே கேளுங்கள். “அவர் எங்கே என்று தெரியாதே, யாரிடம் கையெழுத்து வாங்குவது?” என்று அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன். 1911 ஆம் ஆண்டின் அதே சட்டமே இதற்கு வழியும் சொல்கிறது. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது அவர் கைவிட்டுப் போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அவரின் சம்மதமின்றியே அனுமதி பெறலாம். இதற்காக அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேளுங்கள்.

கணவரின் பெயரில் உள்ள வீடென்றால் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. கையெழுத்து வைக்க முன் அதையும் விசாரியுங்கள்.

எத்தனையோ இழப்புகளுக்குப் பின் மிஞ்சியது இந்த வீடு. நாளைக்கே ஒரு கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் இந்த மாத வாடகையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.