சொல்லாமல் விட்டதும் சேவைக் குறைபாடுதான்

மதுரையில் சில வருடங்களாக ஒரு தொழில் நன்றாக வளர்ந்து வருகிறது. ஆறேழு பேர் கொண்ட சின்னக் குழு, கூடவே ஊர் தெரிந்த ஒரு வழிகாட்டி. மாசி வீதிப் பக்கம் இட்லியும் பருத்திப்பாலும், விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டா, மீனாட்சியம்மன் கோயில், எங்காவது உயரத்தில் ஏறிக் கோபுரங்களைப் பார்ப்பது, நேரமிருந்தால் சமணர் மலையில் சூரிய அஸ்தமனம், இரவு கறிதோசை. எல்லாம் அரை நாளுக்குள். தலைக்கு இவ்வளவு என்று சொல்வார்கள், முன்பணம் ஜிபேயில் போய்விடும்.

நல்ல வழிகாட்டி அமைந்துவிட்டால் ஒரு ஊரைப் பார்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பேன். பெரிய பேருந்தில் நாற்பது பேரோடு ஏறி இறங்குகிறவருக்கு இந்தச் சந்துகளும் கடைக்காரரோடு நின்று பேசும் பேச்சும் கிடைப்பதில்லை. அதனால்தான் இதில் ஒருவர் ஏமாற்றப்பட்டுத் திரும்பும்போது மனசு கஷ்டப்படுகிறது. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் புகார் எதுவும் கொடுப்பதில்லை. வெளியூர்க்காரர்கள், மறுநாள் ரயில். போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நடப்பது பெரும்பாலும் இதுதான். பகல் ஒன்றரை மணிக்குக் கோயில் வாசலுக்குக் கூட்டிப் போகிறார்கள், நடை சாத்தியிருக்கிறது. கேட்டால், “கோயில் என் கையிலா சார் இருக்கு?” சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனால் கடைக்காரரைக் கை காட்டுவார். வண்டி எங்காவது மோதிவிட்டால் டிரைவரைக் கேட்கச் சொல்வார். கோயில், சாப்பாடு, வண்டி, மலை என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலை சொல்லி விற்றவர், சிக்கல் வந்ததும் தன் பங்கு பேசியது மட்டும்தான் என்கிறார்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சேவைக் குறைபாடு எது என்பதை 2(11) பிரிவில் வரையறுக்கிறது. ஒத்துக்கொண்டபடி செய்யாததும், கவனக்குறைவும் அதில் அடங்கும். அதோடு இன்னொன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது: நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே சொல்லாமல் மறைப்பதும் குறைபாடுதான். சுற்றுலா விஷயத்தில் இதைவிடப் பயனுள்ள வரி அந்தச் சட்டத்தில் இல்லை. நடை சாத்துவதற்கு வழிகாட்டி பொறுப்பல்ல. மதியம் நடை சாத்தும் என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் பணம் வாங்கியதற்கு அவர்தான் பொறுப்பு.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை பல உண்டு. மதியம் பன்னிரண்டரைக்கு மேல் நடை சாத்தி, மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். கைபேசி உள்ளே கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு இறுகியது. 2022 டிசம்பரில் திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லாக் கோயில்களிலும் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது. ஆகவே “பொற்றாமரைக் குளக்கரையில் போட்டோ எடுத்துத் தருகிறோம்” என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்த ஒரு வரியே அவர் நம்பத் தகுந்தவரா என்பதைக் காட்டிவிடும். அரைக்கால் சட்டை, கையில்லாத உடுப்பு போட்டு வருகிறவரை வாசலில் நிறுத்துவார்கள். இந்து அல்லாதவர்கள் அம்மன், சுவாமி சந்நிதிகளுக்குள் போக முடியாது. பிரகாரத்தையும் குளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். குழுவில் வெளிநாட்டவரோ மாற்று மதத்தவரோ இருந்தால் இதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சந்நிதி வாசலில் வைத்து, கூட வந்தவர்கள் உள்ளே போக ஒருவரை மட்டும் நிறுத்தினால் அவருக்கு எவ்வளவு அவமானம்!

“குருக்கள் நமக்குத் தெரிந்தவர், நேரே உள்ளே கூட்டிப் போய்விடலாம்” என்று தனியாகப் பணம் கேட்பதும் உண்டு. சிறப்பு தரிசனத்துக்கு அறநிலையத் துறை தொகை குறிப்பிட்டு அச்சடித்த சீட்டு தருகிறது. சீட்டு இல்லாமல் கொடுக்கும் பணம் கோயிலுக்குப் போவதில்லை. உள்ளே விடுவது என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சாதியைக் கேட்டு யாரையும் உள்ளே விடுவதும் விடாததும் இங்கே முடிந்துபோன கதை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது இதே கோயிலில்தான். அதைச் சொல்லாமல் கோயிலைச் சுற்றிக் காட்டி முடிக்கிற வழிகாட்டி மதுரையில் பாதியைத்தான் காட்டியிருக்கிறார்.

அடுத்தது உயரத்திலிருந்து கோபுரம் பார்ப்பது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கைவினைப் பொருள் கடைகள் சில, மொட்டை மாடியிலிருந்து கோபுரங்களை இலவசமாகப் பார்க்கலாம் என்று அழைக்கும். காட்சி உண்மையிலேயே அற்புதமானது. ஆனால் இறங்கும் வழி கடைக்குள்தான். கம்பளம் விரிப்பார்கள், பட்டு காட்டுவார்கள், தேநீர் வரும், கதவருகே இரண்டு பேர் நிற்பார்கள். நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் ஒரு பங்கு கூட்டி வந்தவருக்குப் போகும். கட்டணச் சுற்றுலாவில் “காட்சி முனை” என்று எழுதியிருப்பதற்குப் பல நேரம் இதுதான் பொருள். கமிஷன் வாங்குவது இந்தத் தொழிலில் புதிதல்ல. ஆனால் அரை நாளில் முக்கால் மணி நேரத்தைக் கடைக்குள் கழிக்க வைப்பதை முன்பே சொல்லாமல் விட்டால் அது தகவலை மறைப்பது. வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை. மாடிக்கு ஏறும்முன் கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா, படிக்கட்டு நெரிசலில்லாமல் இறங்கக் கூடியதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சமணர் மலை விஷயம் வேறு. கீழக்குயில்குடியில் உள்ள செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ள இடங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. இப்படிப்பட்ட சின்னத்துக்குள் பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் சுற்றிக்காட்ட வேண்டுமானால் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும் என்று 1959-ஆம் வருட விதிகள் சொல்கின்றன. உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கத் தேவையில்லை, முறையாகத் தொழில் செய்கிறவர் அதைக் கழுத்திலேயே மாட்டியிருப்பார். பாறையில் பேர் கீறினாலோ சிற்பத்தைச் சேதப்படுத்தினாலோ இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வழிகாட்டி தடுக்கவில்லை என்பதால் கீறியவர் தப்ப முடியாது.

அங்கே ஆபத்து வெயிலும் வழுக்கலும்தான். பகலெல்லாம் காய்ந்த பாறை மாலையிலும் சுடும். மழை பெய்தால் வெட்டுப்படிகளில் கால் நிற்காது. இருட்டிய பிறகு இறங்குவது அதைவிட மோசம். இதயக் கோளாறு, முழங்கால் வலி, கர்ப்பம் என்று எதுவானாலும் முன்பதிவிலேயே எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த பிறகும் மாற்று ஏற்பாடு செய்யாவிட்டால் தவறு அவர்களுடையது. “என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்” என்று தாளில் கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே அமைப்பாளரின் கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடாது. ஊருக்குள் இருக்கும் குன்றுகளைத் தாண்டி காட்டுக்குள் கூட்டிப் போகிறேன் என்றால், வனத்துறையின் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், குழுவாக மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எல்லாரும் யாரோ ஒருவரை நம்பிப் போனவர்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு தொடங்கியது.

திருவிழாக் காலச் சுற்றுலாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022 சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கியபோது நெரிசலில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அந்த நாளுக்கென்று விசேஷக் கட்டணம் வாங்குகிறவரிடம், குழு பிரிந்தால் எங்கே கூடுவது, முதியவர்களை எங்கே நிறுத்துவது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் பணம் கட்ட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒவ்வொரு உணவுக்கடையிலும் உணவுப் பாதுகாப்புத் துறை கொடுத்த 14 இலக்க எண் இருக்க வேண்டும். 2022 முதல் ரசீதிலும் அது அச்சாக வேண்டும். ஒவ்வாமை தரும் பொருள்களைப் பட்டியலில் எழுதிவைக்கும் கட்டாயம் பெரிய தொடர் உணவகங்களுக்குத்தான், சந்துக்கடைக்கு இல்லை. அதனால் கேட்டுச் சொல்லும் வேலை வழிகாட்டியுடையது. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஜிகர்தண்டா ஆகாது, கோதுமை ஆகாதவருக்குப் பரோட்டாவில் மைதா, சட்னியில் நிலக்கடலை இருக்கலாம், சைவ தோசையும் கறிதோசையும் ஒரே கல்லில் வேகலாம். இவற்றையெல்லாம் உள்ளூர்க்காரர் அறிவார், விருந்தாளி அறியமாட்டார்.

உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் மருத்துவரிடம் போய், சாப்பிட்ட இடத்தையும் நேரத்தையும் சீட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள். கூடச் சாப்பிட்டவர்களுக்கும் அதே கோளாறா என்று அன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் ஆள் கிடைக்காது. தமிழக உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். கெட்ட உணவால் பாதிப்பு நேர்ந்தது நிரூபணமானால், 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவில் இழப்பீடு உண்டு. சாதாரணப் பாதிப்புக்கு ஒரு லட்சம் வரை, கடுமையான பாதிப்புக்கு மூன்று லட்சம் வரை, மரணம் என்றால் குறைந்தது ஐந்து லட்சம். இது கடைக்காரர் மீது. அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் போனவர் மீது நுகர்வோர் புகார் தனியாகப் போகும்.

வண்டியில் ஏறும்போது எண் பலகையைப் பாருங்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, மின்சார வண்டியானால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியில் கட்டணத்துக்கு ஆள் ஏற்ற அனுமதி கிடையாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். சாலை விபத்தில் அடிபட்டவருக்குத் தமிழகத்தில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை, நிர்ணயித்த தொகை வரை இலவசம். வேறு மாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும்கூட உண்டு. 108-க்கு அழைக்கும்போதே இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பணம் கையில் இல்லை என்று ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

பணம் திரும்பக் கேட்கும் இடத்தில்தான் பலர் துவண்டுவிடுகிறார்கள். “ஒருமுறை கட்டினால் திரும்பக் கிடையாது” என்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது என நினைக்கிறார்கள். முடியவில்லை. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது சட்டம். ரசீது தர மறுப்பதும் அதில்தான் வருகிறது. நம்பிக் கொடுத்த கைபேசி எண், அடையாள அட்டை போன்ற சொந்த விவரங்களைப் பிறருக்குக் கொடுப்பதும் அப்படியே. வாட்ஸ்அப் குழுவில் பெண்களின் எண்களைப் பரிமாறும் அமைப்பாளர்களுக்கு இது தெரிவதில்லை, தெரியப்படுத்துவோம். இணையதளம் வழியாக முன்பதிவு செய்தவருக்கு இன்னொரு பிடி இருக்கிறது. தாங்களாக ரத்து செய்யும்போது அதே அளவு தொகையை உங்களுக்குத் தர ஒப்புக்கொள்ளாத நிறுவனம், நீங்கள் ரத்து செய்தால் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

முன்பணம் வாங்கியவர் ஆளே இல்லாமல் மறைந்துவிட்டால் அது மோசடி. உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு அதிகம். வழிகாட்டியோ வேறொருவரோ தவறாக நடந்துகொண்டால் 112, பெண்களுக்கு 181. அதைச் சுற்றுலாப் புகாரோடு கலக்காமல் காவல் நிலையத்தில் தனியாகக் கொடுங்கள்.

மற்றவற்றுக்கு முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். பல சின்னத் தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் நீதிமன்றக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முக்கியமாக, மதுரைக்குத் திரும்பி வர வேண்டியதில்லை. 2019 சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழி பதிவு செய்யலாம், விசாரணையைக் காணொலியில் நடத்தக் கோரலாம்.

புகாரில் கோபத்தைக் கொட்டுவதைவிட, என்ன சொன்னார்கள், என்ன நடந்தது என்பதைத் தேதி, நேரத்தோடு எழுதுவது பலன் தரும். விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன விவரம், மருத்துவச் சீட்டு, கூட வந்த ஒருவரின் சாட்சி ஆகியவற்றை இணையுங்கள். கட்டிய தொகை, மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காததை ஆணையம் தானாகத் தரும் என்று இருந்துவிடக் கூடாது.