பையில் போன் கூடாது, பாடம் மட்டும் போனில்

2024 நவம்பரில் கேரளப் பொதுக்கல்வித் துறை பள்ளிகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்குப் பாடக் குறிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். கொரோனாக் காலத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம் அது. பள்ளி திறந்த பிறகும் ஆசிரியர்கள் அதை விடவில்லை. குறிப்பு போனுக்கு வரும். அதைப் பிரிண்ட் எடுக்கப் பெற்றோர் கடைக்கு ஓட வேண்டும். புகார் மாநிலக் குழந்தை உரிமை ஆணையம் வரை போய்விட்டது.

இதே துறைதான் மாணவர்கள் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவரக் கூடாது என்று பல ஆண்டுகளாகச் சுற்றறிக்கை விட்டுவருகிறது. போன் வாசலிலேயே நிற்க வேண்டும், பாடம் மட்டும் அதில் போய்வரும் என்றால் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? திருவனந்தபுரத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

திருவனந்தபுரத்தின் பூஜப்புரை என்றதும் ஊர்க்காரர்களுக்கு மத்தியச் சிறை நினைவுக்கு வரும். கைட் என்ற அரசு நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேதான். 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டமாகத் தொடங்கி, 2017இல் நிறுவனமானது. பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருளில் இயங்கும் கணினிகளைக் கொடுத்தது, ஆசிரியர்களைப் பழக்கியது, விக்டர்ஸ் என்ற கல்வித் தொலைக்காட்சியை நடத்துவது எல்லாம் இந்த அமைப்புதான். விக்டர்ஸை 2005இல் தொடங்கிவைத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். 2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் போயின. கவனிக்க வேண்டியது, இதில் எதுவும் மாணவர் கையில் தரப்படவில்லை என்பது. கருவி ஆசிரியரிடம் அல்லது சுவரில் இருக்கும். வகுப்பே ஒரே திரையைப் பார்க்கும். ஆசிரியர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே பாடமும் நிற்கும். (சோம்பலான ஆசிரியர் கையில் புரொஜெக்டர் ஒரு சின்ன சினிமாக் கொட்டகை ஆகிவிடும் என்பதும் உண்மைதான்.)

இந்த ஏற்பாட்டைக் கொரோனா தலைகீழாக்கியது. 2020 ஜூன் 1 அன்று பள்ளிகள் திறக்கவில்லை; விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பாட ஒளிபரப்பின் மணி அடித்தது. போனை நம்பாமல் தொலைக்காட்சியை முதலில் வைத்ததுதான் கேரளம் அன்று செய்த புத்திசாலித்தனம் என்பேன். டிவி பெரும்பாலான வீடுகளில் இருந்தது, டேட்டா செலவில்லை, வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தாலும் அவரவர் வகுப்பு நேரத்தில் பார்த்துவிடலாம். தவறவிட்டவர்கள் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ், கன்னட வழிப் பாடங்களும் தயாராயின. முதல் நாட்களில் ஒன்றாம் வகுப்புக்குப் பூனைக் கதை சொன்ன ஓர் ஆசிரியையைச் சிலர் மீம் போட்டுக் கிண்டலடித்தார்கள்; ஊரே திரண்டு அவருக்கு ஆதரவாக நின்றது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் செய்யும் வேலை எவ்வளவு கடினம் என்பதைப் பல அப்பாக்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

ஆனால் டிவி பேசும், கேட்காது. சந்தேகம் கேட்க, வீட்டுப்பாடம் காட்ட, வருகை சொல்ல எல்லாவற்றுக்கும் போன் வேண்டும். பிள்ளை நோட்டில் எழுதியதை அம்மா படம் எடுத்து அனுப்ப, ஆசிரியர் இரவு பதினொரு மணிக்கு உள்ளங்கையளவு திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்தினார். சமக்ர சிக்ஷா கல்வித் திட்டம் எடுத்த கணக்கில் டிவியோ இணையமோ இல்லாத மாணவர்கள் சுமார் 2.6 லட்சம் என்று தெரிந்தது. வகுப்பு தொடங்கிய அன்றே மலப்புரம் மாவட்டத்தில் ஒரு மாணவி இறந்துபோனாள். பாடம் பார்க்க வழியில்லையே என்ற கவலையில் இருந்தாள் என்று அவளுடைய தந்தை சொன்னது கேரளத்தை உலுக்கியது. அதன் பிறகுதான் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்து அக்கம்பக்கப் படிப்பு மையங்கள் வேகமாக முளைத்தன. 2021 ஆகஸ்டில் 'வித்யாகிரணம்' என்ற பெயரில் கருவி வாங்கித் தரும் திட்டம் வந்தது.

கருவி இருந்தாலும் அது யாருடையது என்பது அடுத்த சிக்கல். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அது காலையில் அப்பாவோடு கிளம்பிவிடும். திரும்பி வரும்போது பேட்டரியும் இருக்காது, அன்றைய டேட்டாவும் இருக்காது. கொள்கை வகுக்கும் அறைகளில் 'ஸ்மார்ட்போன் உள்ள குடும்பம்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள். பகலில் பிள்ளை கையில் அது எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கேட்கக் கட்டம் கிடையாது.

சிக்னல் கதையை இடுக்கித் தமிழர்களிடம் கேட்க வேண்டும். மூணாறு மலைத் தோட்டங்களில் பல தொழிலாளர் லயங்களில் அன்று கம்பித் தொலைபேசியும் இருக்கவில்லை, செல்போன் கோபுரமும் இருக்கவில்லை. ராஜமலைப் பிள்ளைகள் பாடத்துக்காகச் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மேட்டுக்கு ஏறினார்கள். அதே பகுதியில்தான் 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்தது. 70 பேர் போனார்கள். தகவல் சொல்ல வழியில்லாமல் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. கைக்கருவிக் கல்வி பற்றிய பேச்சை நான் கோபுரத்திலிருந்து தொடங்கச் சொல்வது இதனால்தான். 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் இணைய வலை 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற வாக்குறுதியோடு வந்தது. முதல் கட்டத்துக்கு எடுத்துக்கொண்டது 14,000 குடும்பங்கள்.

2021 நவம்பர் 1 அன்று பள்ளிகள் திறந்தபோது பிள்ளைகள் போனோடு பழகியிருந்தார்கள். பறிமுதல், சண்டை, மன்னிப்புக் கடிதம் என்று பள்ளிகளின் பொழுது கழிந்தது. 2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டத்தில் போனைப் பிடுங்கியதற்காகப் பள்ளி முதல்வரைப் பிளஸ் ஒன் மாணவன் மிரட்டும் காணொளி எல்லார் கையிலும் சுற்றியது. அதை இத்தனை பேர் பார்த்ததும் போனில்தான். திறன்பேசிக்கு அடிமையான சிறுவர்களுக்காகக் கேரளக் காவல்துறையே 'டி-டாட்' மையங்களைத் திறந்திருக்கிறது.

உலகமும் பள்ளியில் போனைத் தடுக்கும் பக்கமே சாய்கிறது. பிரான்ஸ் 2018இல் தடைச் சட்டம் போட்டது. பிரேசில் 2025 ஜனவரியில் போட்டது. யுனெஸ்கோ 2023 அறிக்கையில், கவனம் ஒருமுறை சிதறினால் மீண்டும் பாடத்துக்குள் வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்ற ஆய்வை எடுத்துக்காட்டியது. 40 நிமிட வகுப்பில் இரண்டு நோட்டிஃபிகேஷன் வந்தால் வகுப்பு முடிந்தது.

ஆனாலும் தடையை எந்த எல்லை வரை இழுக்கலாம் என்பதில் கேரள உயர் நீதிமன்றத்தின் 2019 செப்டம்பர் தீர்ப்பு ஒன்று குறுக்கே நிற்கிறது. மாலை ஆறு முதல் பத்து வரை போனை ஒப்படைக்க மறுத்ததால் விடுதியிலிருந்து நீக்கப்பட்ட கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி மாணவியின் வழக்கு அது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கூறி அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம். அது கல்லூரிக்கும் விடுதிக்கும் சொன்னது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு அப்படியே பொருந்தாது. ஒழுங்கு என்ற ஒரே சொல்லால் எல்லாத் தடையையும் நியாயப்படுத்த முடியாது என்பது மட்டும் அதிலிருந்து தெளிவாகிறது.

போனால் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. புரியாத கணக்கை வெட்கப்படாமல் ஐந்து தடவை ஓட்டிப் பார்க்கலாம். தான் வாசிப்பதைப் பதிவுசெய்து தானே கேட்கலாம். பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் குறியீட்டைக் காட்டினால் படம் அசைந்து விளக்கும். 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் பள்ளி லேப்டாப்பில் உட்கார்ந்து செல்போன் செயலி செய்யவே கற்றுக்கொடுக்கிறார்கள். போன் கொண்டுவரக் கூடாத பிள்ளை போனுக்குள் ஓடுவதைச் செய்கிறது. எனக்கு இது முரணாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், இந்தக் கதையில் தெளிவாக யோசித்து எடுத்த முடிவு இதுதான்.

கையில் கருவி வேண்டிய பாடம் என்றால் அந்தக் கருவி பள்ளியுடையதாக இருப்பதே சரி. ஒரு வகுப்புக்கு இருபது டேப்லெட், பூட்டிய அலமாரியில். பாட நேரத்தில் இருவருக்கு ஒன்று. மணி அடித்ததும் திரும்ப அலமாரிக்கு. வீட்டுக்கு வீடு போன் வாங்கச் சொல்வதைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு, ஏழைப் பிள்ளைக்கும் கூச்சம் இல்லை. தமிழ்நாட்டில் 2024இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் தந்தார்கள். அங்கேயும் கருவி முதலில் ஆசிரியரிடமே போனது.

ஆனால் அலமாரிக்குள் வைக்கும் எதுவும் பழசாகும். கேரளத்தில் ஹைடெக் கருவிகளுக்கு 5 ஆண்டு உத்தரவாதம், புகார் சொல்ல அழைப்பு மையம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். 2018இல் பொருத்திய லேப்டாப்புகளுக்கு அந்த ஐந்து ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. இனி கெட்டுப்போனால் பழுதுபார்க்கும் பணம் யாருடையது என்பதுதான் தலைமை ஆசிரியர்களுக்கு முன்னால் இருக்கும் அடுத்த கேள்வி.