சொந்த மண்ணில் நம் பெண்கள் அணி

போன இதழில் பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் நம் ஆண்கள் டெஸ்ட் அணியைப் பற்றி எழுதியிருந்தார். 2013 முதல் 2024 வரை இந்தியாவில் நடந்த 18 தொடர்களை வரிசையாக ஜெயித்தது, பிறகு 2024 கடைசியில் நியூசிலாந்து வந்து 3-0 என்று மண்ணைக் கவ்வ வைத்தது எல்லாம் அதில் இருந்தது. படித்துவிட்டு, "பெண்கள் அணியைப் பத்தி ஏன் அண்ணா எழுதல?" என்று கேட்டேன். "அவங்க டெஸ்ட் எல்லாம் ஆடுறாங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்! வீட்டில் தாத்தாவும், "ஏட்டி, பொம்பளப் புள்ளைய அஞ்சு நாளு ஆடுதாவளா?" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆடுகிறார்கள். அஞ்சு நாள் இல்லை தாத்தா, நாலு நாள். நம் பெண்கள் முதல் டெஸ்ட் ஆடியது 1976-இல், பெங்களூரில், வெஸ்ட் இண்டீசுடன். கேப்டன் சாந்தா ரங்கசாமி, சென்னையில் பிறந்தவர். அதே தொடரில் பாட்னாவில் முதல் வெற்றியும் கிடைத்தது. அடுத்து சொந்த மண்ணில் எப்போது ஜெயித்தார்கள் தெரியுமா? 2014-இல், மைசூரில். நடுவில் 38 வருஷம்! 1995-இல் ஜாம்ஷெட்பூரில் நீத்து டேவிட் ஒரே இன்னிங்சில் 53 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். அந்த மேட்சையும் இங்கிலாந்திடம் 2 ரன்னில் கோட்டை விட்டோம். படிக்கும்போது எனக்கே வயிறு எரிந்தது.

மைசூரில் தென் ஆப்பிரிக்காவை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்தோம். அதில் 192 ரன் அடித்தவர் சென்னையைச் சேர்ந்த திருஷ்காமினி. இனிமேல் நிறைய மேட்ச் வரும் என்றுதானே நினைப்போம்? அதன் பிறகு ஒன்பது வருஷம் நம் நாட்டில் பெண்கள் டெஸ்டே நடக்கவில்லை.

2023 டிசம்பரில் திரும்பி வந்தார்கள் பாருங்கள். நவி மும்பையில் இங்கிலாந்தை 347 ரன்னில் ஜெயித்தோம். பெண்கள் டெஸ்டில் ரன் கணக்கில் அதுதான் பெரிய வெற்றி. தீப்தி சர்மா முதல் இன்னிங்சில் வெறும் 7 ரன் கொடுத்து 5 விக்கெட். அடுத்த வாரமே மும்பை வான்கடேயில் ஆஸ்திரேலியாவை 8 விக்கெட்டில் வென்றோம். டெஸ்டில் ஆஸ்திரேலியாவை நம் பெண்கள் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. 2024 ஜூனில் நம்ம சேப்பாக்கத்தில் தென் ஆப்பிரிக்கா. ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149, முதல் விக்கெட்டுக்கு மட்டும் 292. ஒரே நாளில் 525 ரன்! மொத்தம் 603. அப்போது குற்றாலத்தில் சாரல் சீசன். நான் மாமா செல்போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டே இருந்ததில் சார்ஜ் தீர்ந்து, திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

சொந்த மண்ணில் ஏன் இவ்வளவு பலம்? நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். சாரல் நாளில் நம் மைதானம் சொதசொதவென்று இருக்கும். ரப்பர் பந்து குத்தினால் எழும்பாது. நாம் குனிந்தே நின்று ஆடிப் பழகிவிட்டோம். ஆலங்குளம் பக்கம் காய்ந்த தரையில் ஆடும் என் அத்தை பையன் வந்தால், பந்து எழும்பும் என்று காத்திருந்து முதல் பந்திலேயே போல்டு ஆவான். அவன் மோசமான பேட்ஸ்மேன் இல்லை. மண்தான் வேறு.

பெரிய மைதானத்திலும் இதே கதைதான், தலைகீழாக. வெயிலில் பிட்ச் காயக் காய மேல் மண் உதிரும், பந்து அதில் பிடித்துத் திரும்பும். நம் பிள்ளைகள் சின்ன வயசிலிருந்து அதில் போட்டவர்கள். தீப்தியும் ஸ்னே ராணாவும் ஆஃப் ஸ்பின்னர்கள். சேப்பாக்கத்தில் ஸ்னே ராணா முதல் இன்னிங்சில் 8 விக்கெட், மேட்சில் 10.

ஆனால் மண் மட்டும் ஜெயித்துக் கொடுக்காது. ஆண்கள் அணி 2024-இல் புனேயில் நன்றாகச் சுழலும் பிட்சில் ஆடியது. நியூசிலாந்தின் சான்ட்னர் அதே பிட்சில் 13 விக்கெட் எடுத்தார். 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக 124 ரன் அடிக்க முடியாமல் 93-இல் ஆல் அவுட். ரொம்பத் திரும்பும் பிட்சில் எதிரணி ஸ்பின்னரும் ராஜாதான்! பெண்கள் ஜெயித்தது அப்படி இல்லை. மூன்று மேட்சிலும் தங்கள் முதல் இன்னிங்சில் 400-க்கு மேல் குவித்தார்கள், பொறுமையாகப் பந்தும் போட்டார்கள். சேப்பாக்கத்தில் ஃபாலோ ஆன் வாங்கிய தென் ஆப்பிரிக்கா 150 ஓவருக்கு மேல் தாக்குப்பிடித்தது. லாரா வோல்வார்ட் 122, சுனே லூஸ் 109. அதாவது பேட்டிங் செய்யக்கூடிய பிட்ச்தான். அதிலும் 10 விக்கெட்டில் வென்றோம். இதைத்தான் நான் நிஜமான பலம் என்பேன்.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். 2014-இலிருந்து 2024 வரை சொந்த மண்ணில் ஆடியது நாலு டெஸ்ட், நாலும் வெற்றி. ஆனால் பத்து வருஷத்தில் நாலே நாலு! ஆடவே விடாமல் பலம் எவ்வளவு என்று எப்படி அளப்பது? அண்ணன் "ஆடுறாங்களா?" என்று கேட்டதிலும் தப்பில்லை, பார்த்தால்தானே தெரியும்.

நம் மைதானமும் அப்படித்தான். விளையாட்டுப் பீரியடில் நடு மைதானம் பையன்களுக்கு, எங்களுக்கு வேப்பமரத்தடியில் வளையப்பந்து. சாரும் இந்தக் கட்டுரையை முதலில் படித்துப் பார்த்தார். வருகிற வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு மைதானத்தை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேட் இருக்கிறது, ரப்பர் பந்து இரண்டு இருக்கிறது. இதுவரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். இன்னும் நாலு பேர் வேண்டும். எட்டாம் வகுப்புத் தங்கைகளும் வரலாம். பேர் கொடுக்க 9-ஆ வகுப்பில் மூன்றாவது பெஞ்சுக்கு வாருங்கள்.