எல்லைக் கோட்டையும் சுங்கச் சாவடியும்

சயான் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையை நாள்தோறும் காணும் நம் மாணவ நண்பர்களுள், அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்தவர் சிலரே இருப்பர். மராத்தியில் அவ்வூரின் பெயர் ‘சீவ்’. எல்லை என்பது அதன் பொருள். நம் வழக்கிலுள்ள ‘சீமை’ எந்த வடசொல்லிலிருந்து பிறந்ததோ, அதிலிருந்து பிறந்ததே இதுவும். எதற்கும் எதற்கும் இடையே எல்லை? நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், குன்றின்மேல் சிதைந்து நிற்கும் கோட்டை அதற்கு விடை கூறும்.

பம்பாய்த் தீவு இங்கிலாந்துக்குச் சீதனமாக வந்த கதையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 1661-இல் திருமண உடன்படிக்கை. 1665-இல் தீவு கைமாறியது. 1668-இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் அதனை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டார். ஆனால் சயானுக்கு அப்பால் கிடந்த சாஷ்டி, அதாவது இன்றைய குர்லா, பாந்திரா முதல் தாணா வரையுள்ள பெருந்தீவு, போர்த்துக்கீசியரிடமே இருந்தது. ஆகவே 1669 முதல் 1677 வரை ஆளுநராயிருந்த ஜெரால்டு ஆஞ்சியர் காலத்தில், ஆங்கிலேயர் தம் வட எல்லையான சயானில் கோட்டை எழுப்பினர்.

கோட்டை எழுந்தது; சிக்கல் தீர்ந்ததா? இல்லை. தீவில் தென்னையும் சதுப்பு நிலமும் மிகுதி. அரிசியும் விறகும் வெளியிலிருந்தே வரவேண்டும். கல்யாண் பக்கத்துப் படகுகள் தாணாவைக் கடந்தே வரவேண்டும். தெற்கேயுள்ள கழிகளிலிருந்து வருபவை கரஞ்சாவைக் கடந்தே வரவேண்டும். இரண்டும் போர்த்துக்கீசியர் கையில். அவ்விரு வாயில்களிலும் அவர்கள் சுங்கம் வாங்கினர். வீடு ஒருவருக்கு, வாசற்படி மற்றொருவருக்கு என்ற நிலைதான்!

இது போர்த்துக்கீசியர் புதிதாகக் கண்ட தந்திரமன்று. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக நடந்து வந்த வழக்கமே. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரைன் ஆற்றில் அறுபதுக்கு மேற்பட்ட சுங்கச் சாவடிகள் இருந்தன. காவுப் என்னும் ஊரருகே, சுங்கம் வாங்குவதற்கென்றே ஆற்றின் நடுவில் ஒரு கோட்டை கட்டினார்கள். இன்றும் அது நிற்கிறது. பால்டிக் கடலின் வாயிலில் டென்மார்க் மன்னர்கள் 1429 முதல் 1857 வரை கப்பல்களிடம் சுங்கம் வாங்கினர். அங்கே ஒரு சுவையான ஏற்பாடு உண்டு. சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவனே சொல்லலாம். ஆனால் மன்னர் விரும்பினால், அவன் சொன்ன விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்ளலாம். குறைத்துச் சொன்னால் சரக்கு போகும். கூட்டிச் சொன்னால் சுங்கம் ஏறும். பொய்யனைப் பிடிக்க இதனினும் எளிய வழி உண்டோ?

வீடுதோறும் சென்று வரி தண்டுவதற்கு அலுவலர் பலர் வேண்டும். ஒடுங்கிய நீர்வழியில் ஒரு சங்கிலியும் நான்கு காவலரும் போதும். அரசர்கள் ஆற்றின் கழுத்தைத் தேடிச் சென்றதன் காரணம் இதுவே. வணிகன் சுங்கத்தைச் செலுத்துகிறான். ஆனால் அவன் அதைச் சரக்கின் விலையில் ஏற்றிவிடுகிறான். முடிவில் சுமப்பவன், படி அரிசி வாங்கும் ஏழை.

கோட்டையால் எல்லையைக் காக்கலாம். வாணிகத்தை வரவழைக்க இயலாது. ஆஞ்சியர் இதனை உணர்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீதிமன்றம் அமைத்தார், நாணயச் சாலைக்கு வழி செய்தார், குஜராத்தி வணிகரை வரவேற்றார். தியூவைச் சேர்ந்த நீமா பாரக் என்ற பனியா வணிகர் 1677-இல் குடியேற முன்வந்தபோது, தம் சமயப்படி வாழும் உரிமையை முதலில் கேட்டுப் பெற்றார். கம்பெனி அறத்துக்காக இதைச் செய்யவில்லை, இலாபத்துக்காகவே செய்தது. தன் துறைமுகத்தில் அதுவும் சுங்கம் வாங்கியது. எனினும், அச்சமின்றி வாழும் இடத்திற்கே செல்வம் வந்து சேரும் என்ற உண்மை இதில் விளங்குகிறது.

பின்னர் 1739-க்குள் சாஷ்டியை மராத்தியர் வென்றனர். 1774-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. எல்லை மறைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் டங்கன், சயானையும் குர்லாவையும் கற்பாதையால் இணைத்தார். காவலுக்கு நின்ற ஊர் கடந்து செல்லும் வழியாயிற்று!

சாவடி மட்டும் எளிதில் மறையவில்லை. அது வடக்கே நகர்ந்தது. முலுண்டிலும் தகிசரிலும் ‘நாக்கா’க்களில் லாரிகள் வரிசையில் நின்ற காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமா, “நாக்காவிலே நின்ன நேரத்துக்கும் சேர்த்துத்தான் பருப்புக்கு விலை போட்டேன்” என்பார். மாநகராட்சியின் அந்த நுழைவு வரி, சரக்கு சேவை வரி வந்தபோது, 2017 ஜூலை முதல் நீங்கியது.

முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. போர்க்களத்தில் பெற்ற பட்டங்கள் எத்தனையோ இருக்க, மக்கள் நினைவில் நின்றது இதுவே. வரியின்றி அரசு நடவாது. பள்ளியும் மருத்துவமனையும் வரியால்தான் நிற்கின்றன. ஆயினும் எதன்மீது, எவர் தலையில் வரி விழுகிறது என்று கேட்பது பொருளாதாரம் பயிலும் மாணவரின் கடமை. விடுமுறை நாளில் ஒருமுறை அக்குன்றின்மேல் ஏறி வடக்கே நோக்குங்கள். அக்கேள்வி தானே எழும்.