மலை முகட்டை விட்டுவைப்போம்

பினாங்கில் மலைமேல் கடல் தெரியும் வீட்டுக்குத் தனி விலை. ஆனால், முகட்டில் எழும் ஒரு கட்டடம் ஊரே பார்த்து மகிழும் மலையை மறைத்துவிடுகிறது. அதனால்தான் 76 மீட்டருக்கு மேலான நிலத்திலும் 25 டிகிரிக்கு மேற்பட்ட சரிவிலும் அம்மாநிலத்தில் கட்டுப்பாடு உள்ளது. சிறப்புத் திட்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அழகு மட்டுமே காரணமல்ல. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் மண்சரிவால் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். பின்புறச் சரிவில் மழைநீர் முறையாக வடியவில்லை.

முகட்டுக்குக் கீழே, சரிவின் போக்கிலேயே படிப்படியாக வீடு கட்டினால் மண்ணை அதிகம் வெட்ட வேண்டியதில்லை; மரங்களும் தப்பும், அடிவாரத்தில் வசிப்போருக்கும் பசுமை மிஞ்சும்.

மலைவீடு வாங்கப் போகிறீர்களா? பால்கனியில் நின்று கடலை ரசித்த பிறகு, பின்பக்கம் போய்த் தடுப்புச் சுவரையும் கால்வாயையும் பார்த்துவிட்டு வாருங்கள்.