கருப்பை வாய்ப் புற்றுநோய்: சோதனை எப்போது?

பூச்சி விழுந்தபின் மருந்து தேடுவதினும், முன்னரே வயலைச் சுற்றிப் பார்ப்பது நன்று என்பதை உழவர் அறிவர். கருப்பை வாய்ப் புற்றுநோயும் அத்தகையதே. பாப்பிலோமா வைரஸால் உண்டாகும் இந்நோய் முற்றுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் பொதுவாக வலி இராது. ஆதலின், நலமாயிருக்கும்போதே சோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

2016-ஆம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த நெறிப்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை இச்சோதனைக்கு வருதல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பர். வெண்திட்டு தென்படின் மேற்சோதனைக்கு அனுப்புவர். மாதவிடாய் நின்றபின் உதிரம் காணின், தவணைக்குக் காத்திராது உடனே மருத்துவரை நாடுக.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைத்து, தம் இல்லத்திலிருந்தே தொடங்கி வழிகாட்டுவார்களாக.