பத்து லாரியும் ஒரே எடையா?

மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு வாசகர் இரண்டு பக்க நகல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். மூன்றாவது மாடியில் பழைய ஃபிளாட் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறாராம். விற்பவர் கொடுத்த காகிதக் கட்டில் 'மின் பாதுகாப்புச் சோதனை அறிக்கை' ஒன்றும் இருந்திருக்கிறது. தேதி டிசம்பர் 2023. கையெழுத்து, முத்திரை எல்லாம் பக்கா. "ஒவ்வொரு வரிக்கும் 'சரி' என்று போட்டிருக்கிறது. இதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

பேஸ், நியூட்ரல், எர்த் என்றால் என்ன என்று அந்தப் பேட்டைக்காரருக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடிய ஊர் சென்னை, ஆண்டு 1895. நகருக்கு வெளிச்சம் கொடுத்த பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸ் மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்று அந்தப் பகுதியில் 120 மெகாவாட் காஸ் டர்பைன் நிலையம் இருக்கிறது. ஆகவே நேராக அறிக்கைக்குப் போய்விடுகிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். எடைமேடைச் சீட்டுகளைப் பார்க்கும்போது முதலில் கூட்டலைச் சரிபார்க்க மாட்டார். அடுத்தடுத்து வந்த பத்து லாரியும் ஒரே எடை காட்டினால் சீட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். "இவன் லாரியை மேடையில ஏத்தவே இல்லப்பா" என்பார். மின்சோதனை அறிக்கையையும் அப்படித்தான் படிக்கவேண்டும். உண்மையில் அளந்த எண்கள் ஒன்றோடொன்று உறவுள்ளவை. உட்கார்ந்த இடத்தில் எழுதியவருக்கு அந்த உறவுமுறை தெரியாது.

வாசகர் அனுப்பிய தாளில் இன்சுலேஷன் பத்தியைப் பாருங்கள். ஒன்பது சர்க்யூட், ஒன்பதுக்கும் 200 மெகாஓம். இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்தால் 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது என்பதுதான் விதி, ஆகவே 200 என்பது அமோகமான எண். கருவியின் எல்லையே 200 என்றால் எல்லா வரியிலும் அதே எண் வர வாய்ப்பும் உண்டு. ஆனால் அப்போது '200-க்கு மேல்' என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் 200 என்று அல்ல. தேதியையும் மறக்கவேண்டாம். டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை கொட்டி, வடசென்னையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த மாதம் அது. கடற்காற்று வேறு. ஈரம் ஊறிய பழைய சுவருக்குள் ஓடும் ஒன்பது சர்க்யூட்டில் ஒன்றுகூட 40, 60 என்று இறங்கவில்லையாம்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எர்த் குழியில் 4 ஓம் என்கிறது அறிக்கை. சமையலறை பிளக் பாயிண்டில் லூப் டெஸ்டர் செருகிப் பார்த்ததில் 0.6 ஓம் என்கிறது. இரண்டுக்கும் 'சரி'. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல எண்கள்தான். சேர்த்துப் பார்த்தால் நடக்காத காரியம்.

லூப் டெஸ்டர், பேஸிலிருந்து கொஞ்சம் மின்னோட்டத்தை எர்த் பின் வழியாக அனுப்பி, அது சுற்றிவரும் பாதை முழுவதன் தடையையும் அளக்கிறது. நம்மூரில் வீட்டு எர்த் என்பது பெரும்பாலும் வீட்டின் சொந்தக் குழிதான். ஆகவே அந்தப் பாதையில் எர்த் கம்பி உண்டு, குழியின் 4 ஓம் உண்டு, மண் உண்டு, டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் உண்டு, திரும்பிவரும் பேஸ் கம்பியும் உண்டு. குழி மட்டுமே 4 என்றால் மொத்தச் சுற்று எப்படி 0.6 ஆகும்? கட்டடத்தின் இரும்புக் கம்பியோ உலோகக் குழாயோ குறுக்கே வேறு பாதை கொடுத்தால் குறையலாம். அப்படியென்றால் அதை அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு வழியிலும் குறையும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 7.41 ஓம் தடை. மீட்டரிலிருந்து சமையலறைவரை 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக வர 40 மீட்டருக்குச் சுமார் 0.3 ஓம். தெருக் கம்பிக்கும் அதே அளவு சேர்த்தால் 0.6! இது எர்த் சுற்றின் எண்ணே அல்ல, பேஸும் நியூட்ரலும் சேர்ந்த சுற்றின் எண். அதாவது பிளக் பாயிண்டுக்குள் யாரோ நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயரை லூப் அடித்திருக்கலாம். சுவரை உடைத்து எர்த் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டால் செய்கிற வேலை இது. லைன் டெஸ்டர் வைத்தாலும் தெரியாது, பல்பு வைத்துப் பார்த்தாலும் பளிச்சென்று எரியும். அறிக்கையிலோ வீட்டிலேயே மிக அழகான எண்ணாக வந்து உட்காரும்.

எங்காவது நியூட்ரல் விட்டுப்போகும் நாளில்தான் விஷயம் வெளியே வரும். அன்று ஃப்ரிட்ஜின் உடம்பு, கிரைண்டரின் உடம்பு எல்லாம் 230 வோல்ட். அதற்கு முன்னால், ஃப்ரிட்ஜுக்குள் இன்சுலேஷன் கெட்டால்கூட, கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதைக் கவனிக்காது. பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்றுதான் அது கணக்குப் பார்க்கிறது. துண்டு ஒயர் வழியாக எல்லாம் நியூட்ரலுக்கே திரும்பிவிடுவதால் கணக்கு நேராகிவிடுகிறது.

அந்த 4 ஓமும் எப்படி வந்தது என்று கேட்கவேண்டும். அறிக்கையில் 'மூன்று முனை முறை' என்று இருக்கிறது. குழியில் உள்ள குழாயோடு சேர்த்து, தள்ளி இரண்டு இரும்புக் குச்சிகளை மண்ணில் அடித்து அளக்கும் முறை. கடைசிக் குச்சி முப்பது மீட்டர் போலத் தள்ளி இருக்கவேண்டும். நடுக்குச்சி அந்தத் தூரத்தில் 62 சதவீதத்தில். வாசகரின் தெருவில் வாசற்படி முதல் எதிர்வீட்டு வாசற்படிவரை கான்கிரீட் என்று அவரே எழுதியிருக்கிறார். குச்சியை எங்கே அடித்தார்கள்?

சரி, 4 ஓம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதோடு நிம்மதியாகத் தூங்கலாமா? டிரான்ஸ்ஃபார்மர் எர்த் 1 ஓம் என்றால் மொத்தம் 5. பேஸ் ஃப்ரிட்ஜின் உடம்பைத் தொட்டால் ஓடுவது 46 ஆம்பியர். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 46-க்கு அது சூடேறித்தான் விழும். சில நொடிகளும் ஆகலாம், ஒரு நிமிடமும் ஆகலாம். அதுவரை ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் 184 வோல்ட் நிற்கும். எம்.சி.பி. ஒயரைத்தான் காப்பாற்றுகிறது. ஆளைக் காப்பாற்ற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும்.

அந்த ஆர்.சி.சி.பி. பத்தியிலும் ஒரு வேடிக்கை. '15 மில்லிஆம்பியர்: டிரிப் ஆனது. சரி.' சரியில்லை! பாதி அளவில் அது விழவே கூடாது. விழுந்தால் கருவி கோளாறு, அல்லது வீட்டில் ஏற்கெனவே எங்கோ கசிவு இருக்கிறது. முழு 30-க்கு 300 மில்லிநொடிக்குள்ளும், ஐந்து மடங்குக்கு 40 மில்லிநொடிக்குள்ளும் விழவேண்டும். அந்த நேரங்களை இந்தத் தாளில் காணோம். 'டி (டெஸ்ட்) பட்டன் சரி' என்று மட்டும் இருக்கிறது. டி பட்டன் கருவிக்குள்ளேயே ஒரு மின்தடை வழியாகச் சமநிலையைக் கலைக்கிறது, அவ்வளவுதான். எர்த் குழியே இல்லாத வீட்டிலும் அது டக்கென்று விழும்.

ஹால் சர்க்யூட்டில் 1 சதுர மி.மீ. ஒயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. என்று எழுதி அதற்கும் 'சரி' போட்டிருப்பதை நான் பெரிதாகப் பேசப் போவதில்லை. ஒயர் உருகிய பிறகும் அந்த எம்.சி.பி. நின்றுகொண்டிருக்கும்.

கையெழுத்திட்டவரை மட்டும் திட்டி என்ன பயன்? ஒரு வீட்டை ஒழுங்காகச் சோதிக்க அரை நாள் ஆகும். மெயினை அணைக்கவேண்டும், ஒவ்வொரு பாயிண்டாகத் திறக்கவேண்டும், கருவிகளும் விலை அதிகம். நாமோ அரை மணியில் காகிதம் வேண்டும் என்கிறோம். கூலியையும் அந்த அரை மணிக்குத்தான் கொடுக்கிறோம். பிறகு அந்தத் தாளைப் பத்திரத்தோடு பீரோவில் வைத்துவிடுகிறோம். இங்கிலாந்தில் 2020 முதல் வாடகைக்கு விடுகிறவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது சோதித்து, 28 நாளுக்குள் குடியிருப்பவருக்கு நகல் கொடுத்தாக வேண்டும்.  நம்மிடம் மின் இணைப்பு வாங்கும் நாளோடு வீட்டு டெஸ்ட் ரிப்போர்ட்டின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

வாசகருக்கு: அட்வான்ஸை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். லைசென்ஸ் உள்ள வேறொரு ஒயர்மேனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு, முதலில் சமையலறைப் பாயிண்டைக் கழற்றச் சொல்லுங்கள். நீங்கள் கழற்ற வேண்டாம். எர்த் பின்னில் பச்சை ஒயர் வந்து சேர்ந்திருக்கிறதா, அல்லது நியூட்ரலிலிருந்து துண்டு ஒயர் தாவியிருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு லூப் அளவைச் சமையலறையிலும் மீட்டர் பக்கத்திலும் தனித்தனியாக எடுக்கச் சொல்லி, கூடவே நின்று கருவியில் தெரியும் எண்ணை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் பக்கத்து எண்ணைவிடச் சமையலறை எண் கொஞ்சமாவது கூடுதலாக இருக்கவேண்டும். எர்த் குழியை மட்டும் மே மாதத்தில் இன்னொருமுறை அளங்கள். டிசம்பர் ஈரத்தில் 4 காட்டிய குழி, காய்ந்த மண்ணில் எவ்வளவு காட்டுகிறது என்பதுதான் அதன் உண்மையான கணக்கு.